நின்றிருந்த காரின் கதவு

என்னை இடித்த கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியே திரண்டு வந்து சொல்லும். நின்ற கார், எஞ்சினை அணைத்த கார், ஓரமாக ஒழுங்காக நிறுத்திய கார். அதில் போய் ஒருத்தி சைக்கிளோடு விழுந்து வாரினால் காரையா குறை சொல்வது என்று கேட்பார்கள். கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் தலையணையில் சாய்வதற்குள் கேட்டுவிட்டார்கள்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த விஷயத்தில் அதைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

நான் வீட்டில் தளிகை பண்ணி, மத்தியான வேளைக்குக் கேரியரில் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். சென்னையிலும் பம்பாயிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, கடைசிக் காலத்தைப் பெருமாள் காலடியில் கழிக்கலாம் என்று இங்கே ஃபிளாட் வாங்கி வந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களுக்குப் பெருமாள் வேண்டும், அடுப்படி வேண்டாம். வெங்காயம் பூண்டு இல்லாமல், பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின சாப்பாடு வீடு தேடி வர வேண்டும். காலையில் தலைக்குக் குளித்து, மடியாகச் சமைத்து, பெருமாளுக்குக் காட்டி, கேரியர்களைக் கட்டி, புடவையை மாற்றிக்கொண்டு சைக்கிளை எடுப்பேன். கைப்பிடியில் இரண்டு பக்கமும் கேரியர் தொங்கும், மற்றவை பின்னால் இரும்புக் கூடையில். ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்று பெங்களூரிலிருக்கும் பிள்ளை ஓயாமல் சொல்வான். ஸ்கூல் நாளிலிருந்து ஓட்டுகிற சைக்கிள், கால் தரையில் எட்டுகிறது, அது போதும் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தளிகை உள்ளில், அதாவது சமையலறையில், இரண்டு விதிகள் உண்டு. ஒன்று சமைக்கிறவளுக்கு. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் ஒரு பருக்கைகூட நாக்கில் படக் கூடாது. உப்பு கைக்கணக்கு, மற்றதெல்லாம் மூக்குக் கணக்கு. கறாராகப் பார்த்தால் முகர்ந்தும் பார்க்கக் கூடாதுதான். ஆனால் பாத்திரத்தின் மேல் குனிந்து முகர்வது வேறு, அடுப்பிலிருந்து தானாக வந்து மூக்கில் ஏறுவது வேறு. ஏறுகிறதை யார் என்ன செய்ய முடியும்? புளியின் பச்சை வாசனை போயிற்றா, தனியா போதுமான அளவு வறுபட்டதா, பால் அடிப்பிடிக்கப் போகிறதா, எல்லாவற்றையும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கும்போதே மூக்கு சொல்லிவிடும்.

இரண்டாவது விதி சாப்பிடுகிறவர்களுக்கு. பெருமாள் அமுது செய்த பிறகு அது சாப்பாடு இல்லை, பிரசாதம். பிரசாதத்தில் குறை சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘பிரசாதம்’ என்று ஒரே பதில்தான். அது பக்தியா பயமா என்று நான் விசாரித்ததில்லை.

கார்க்காரரும் வெளி மனிதர் இல்லை, என்னிடம் சாப்பாடு வாங்குகிறவர்தான். சாலை போடும் இலாகாவில் பெரிய என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீதியிலேயே வீடு. போகிற வருகிறவர்களை நிறுத்தி வேகத்தடை இவ்வளவு உயரம் இருக்கக் கூடாது, இந்த முனையில் ஒரு கண்ணாடி வைக்க வேண்டும் என்று வகுப்பு எடுப்பார். அவர் மனைவி நல்ல மாதிரி, கேரியரைப் பளபளவென்று தேய்த்துத் திருப்பித் தருகிறவள். இருவரையும் மாமா, மாமி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமியை இப்போதும் கூப்பிடுகிறேன்.

அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. எந்த ஊர் வேன் எந்தச் சந்தில் நிற்கிறது என்று தெரியாத அளவுக்குக் கூட்டம். வீதியின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. நடுவில் மிஞ்சிய இடத்தில்தான் ஆட்டோ, மாடு, சேவார்த்திகள், நான். எனக்குப் பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அதற்கு வழிவிட்டு, நின்ற கார்களை ஒட்டினாற்போல் போனேன். என்ஜினீயர் வீட்டுக் கார் தெரிந்த கார்தான். கண்ணாடியெல்லாம் கறுப்பு, உள்ளே ஆள் இருப்பது தெரியாது. நான் பக்கத்தில் போகவும் அந்தக் கதவு திறந்தது.

கதவின் விளிம்பு இடது கைப்பிடியைத் தட்டியது. கைப்பிடி திரும்பியது, சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. வலது பக்கமாக மல்லாக்கப் போய் நடுத்தெருவில் விழுந்தேன். பின்னந்தலை சிமெண்டில் மோதியது. பின்னால் வந்த வேன் என் காலுக்கு அருகில் பிரேக் போட்டு நின்றது. புடவையெல்லாம் சிவப்பாக ஓடியதைப் பார்த்து பூக்காரி ஒருத்தி ரத்தம் ரத்தம் என்று அலறினாள். அது சாற்றமுது, மற்றவர்கள் ரசம் என்பார்கள். காரிலிருந்து இறங்கிய மனிதர் முதலில் கதவைப் பார்த்தார். கதவில் ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"பார்த்து வரப்படாதோ?" என்றார்.

இதை நான் மறக்கப்போவதில்லை. தலையில் அடிபட்டால் ஞாபகம் போகும் என்பார்கள். எனக்குப் போகவில்லை.

ஆட்டோவில் போட்டு காவிரிப் பாலம் தாண்டி திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை, மூளையில் ரத்தக்கசிவு இல்லை, பின்னந்தலையில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். வாந்தி நின்றதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது ஆரம்பித்தது ‘நல்ல வேளை’. வந்தவர்கள் எல்லாரும் ஒரு நல்ல வேளையைக் கையில் கொண்டுவந்தார்கள். நல்ல வேளை, கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நல்ல வேளை, நீ மெதுவாக வந்தாய். நல்ல வேளை, முகம் அடிபடவில்லை. நல்ல வேளை, வேன்காரன் பிரேக் போட்டான், பெருமாள்தான் அவன் காலைப் பிடித்து அழுத்தினார் என்று எதிர்வீட்டுப் பெண்மணி கண்ணில் நீர் வரச் சொன்னாள். வேன்காரனின் காலைப் பிடித்த பெருமாள் கார்க்காரரின் கையையும் கொஞ்சம் பிடித்திருக்கலாமே என்று கேட்டேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

என்ஜினீயரும் வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தார். சைக்கிளில் போகிறவருக்கு எவ்வளவு அடி படும் என்பது பல விஷயங்களைப் பொறுத்தது என்றார். இடிக்கிற வண்டியின் வேகம் முதலில். அதன் எடை, அதன் முகப்பு எவ்வளவு உயரம். லாரி என்றால் சக்கரத்துக்குள் இழுக்கும், கார் என்றால் மேலே தூக்கிப் போடும். பிறகு விழுகிறவரின் வயசு. நம் வயசில் எலும்பு சீக்கிரம் உடையும். விழுகிற கோணம், விழுகிற இடம், மண்ணா சிமெண்டா. தலையில் என்ன இருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தால் இந்த வீக்கம்கூட இருந்திருக்காது, உங்கள் கொண்டைதான் கொஞ்சம் தாங்கியிருக்கிறது. கைப்பிடியில் பாரம் தொங்கவிட்டால் சைக்கிள் தடுமாறத்தான் செய்யும். நின்ற காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு கதவின் அகலம் இடம் விட வேண்டும்.

ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது. கொண்டையிலிருந்து சிமெண்ட் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்ன மனிதர், கதவைத் திறந்த கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகவே கேட்டேன், திறக்கும்போது பின்னால் பார்த்தீர்களா என்று.

"காரோட வேகம் பூஜ்யம் மாமி," என்றார் பொறுமையாக. "உங்க வேகம்தான் உங்களைத் தள்ளித்து."

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை. இந்த மனிதர் வாயால், நான் பார்க்காமல் திறந்தேன் என்று ஒரு வாக்கியம் வர வேண்டும். ஆப்பிளை, என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன். அப்போதே ஏதோ சரியில்லை. காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. காப்பிப் பொடிக் கடையை மாற்றினேன். பால்காரரிடம் தண்ணீர் கலக்கிறாய் என்று சண்டை போட்டேன். அவர் மாட்டின் மேல் சத்தியம் செய்தார். பெருங்காயத்தில் மைதா மாவைக் கலக்கிறார்கள் என்று டப்பாவைக் கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் கவிழ்த்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையால் நாக்கு மரத்துவிட்டது என்றும் நினைத்தேன். மழை நாள், ஜலதோஷமாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஜலதோஷம் இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேர் மேலும் சந்தேகம் வந்தது, என் மூக்கின் மேல் மட்டும் வரவில்லை. கூடவே பிறந்த மூக்கை யார் சந்தேகப்படுவார்கள்?

இங்கேதான் எங்கள் இரண்டு விதிகளும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தன. சமைக்கிற நான் ருசி பார்க்கவில்லை. சாப்பிடுகிறவர்கள் குறை சொல்லவில்லை. இரண்டு வீடுகள் வெளியூர் போகிறோம் என்று சாப்பாட்டை நிறுத்தின. போன மாதிரி தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் மோரை அதிகமாக விட்டுக்கொண்டார். நான் கேட்டேன், எப்படி இருக்கு என்று. பிரசாதம் என்றார்.

ஐப்பசியில் என்ஜினீயர் வீட்டில் கல்யாண நாள். திருக்கண்ணமுது, அதாவது பாயசம், கேட்டு மாமி சொல்லியனுப்பினாள். அவருக்காகச் செய்யக் கூடாது என்று ஒரு மனசு, மாமிக்காகச் செய் என்று ஒரு மனசு. செய்து அனுப்பினேன். மறுநாள் கேரியர் திரும்பி வந்தபோது மேல் அடுக்கு அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் பிரசாதத்தைத் திருப்பி அனுப்புகிற வீடு எது? கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனேன். என்னைத் தெருவில் தள்ளியது போதாதா, பெருமாள் அமுது செய்ததையும் தள்ளுகிறீர்களா என்று வாசலிலேயே ஆரம்பித்தேன்.

என்ஜினீயர் எதிர்த்துப் பேசவில்லை. "அடிப்பிடிச்சிருந்தது," என்றார். அதோடு விடாமல், ஒரு மாதமாகவே அப்படித்தான் வருகிறது, குழம்பில் தீய்ந்த வாடை, ஒருநாள் தேங்காய் ஊசிப்போயிருந்தது, சொல்லக் கூடாது என்று இருந்தோம் என்றார்.

பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து அந்தப் பாயசத்துக்குள் மூக்கை நுழைத்தேன். ஒன்றுமில்லை. தீய்ந்த வாடையும் இல்லை; ஏலக்காயும் இல்லை, பாலும் இல்லை. ஒரு பாத்திரத்துக்குள் எந்த வாசனையும் இல்லாமல் இருக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி உள்ளே போய் பச்சைக் கற்பூர டப்பாவைக் கொண்டுவந்து என் முகத்துக்குக் கிட்டே திறந்து பிடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். என்ஜினீயர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில ஜுரங்களுக்குப் பிறகும் இப்படி ஆவதுண்டு என்று சுவரிடம் சொன்னார்.

எனக்கு ஜுரம் வரவில்லை. மூக்கு டாக்டரிடம் போனேன். வயசில் சின்னவர், பொறுமையாகச் சொன்னார். மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறதாம். அந்தத் துளைகள் வழியாக நூலைவிட மெல்லிய நரம்புகள் மூளைக்குப் போகின்றனவாம். பின்னந்தலையில் அடிபட்டால் மூளை ஒரு குலுங்கு குலுங்கும். அந்த நூல்கள் அறுந்துபோகும். ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அதற்கு வண்டி வேகமாக வந்திருக்க வேண்டும் என்பதில்லை, நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே போதும். வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும், நாளாகும், பலருக்கு வராமலும் போகும் என்றார். பிறகு, வீட்டில் மூக்குள்ள ஆள் ஒருத்தர் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது என்றார். என் வீட்டுக்காரர் காலையில் பஸ் பிடித்தால் ராத்திரிதான் வருவார். அப்படியானால் நான் சமைக்கக் கூடாது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அவரைத்தான் முதலில் பிடித்தேன். ஒரு மாதமாகக் கருகினதைச் சாப்பிட்டிருக்கிறீர்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பிரசாதத்துல குறை சொல்லப்படாதுன்னு இருந்துட்டேன்," என்றார். பக்தியும் இல்லை, பயமும் இல்லை, வெறும் பழக்கம். ஊசிப்போன தேங்காயைப் பெருமாளுக்குக் காட்டியிருக்கிறேன். அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பெருமாளும் ஒன்றும் சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். எலும்பு உடைந்ததா, கண் போனதா, காது போனதா, முகம் கெட்டுப்போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாசனை போய்விட்டது என்றேன்.

"பல்லு ஒண்ணு உடைஞ்சிருந்தாக்கூட கொடுங்காயம்னு போடலாம்மா," என்றார். "வாசனை தெரியலைங்கறதுக்கு அந்தப் பட்டியல்ல இடமே இல்லீங்க. சாதாரணக் காயம்னுதான் வரும்."

சாதாரணக் காயம். என் கைக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த ஒரே வழி அறுந்துபோயிருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்றைவிட அது மட்டம். வாயில் இருக்கிற பல்லில் ஒன்றை நானே தட்டிக்கொண்டு வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். என்ஜினீயரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து, துண்டைச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன், யாரும் தெரியவில்லை என்று சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சமாதானமாகப் போய்விடுங்கள், என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் எஸ்.ஐ.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"தினமும் காலையில இவர் என் தளிகை உள் வாசல்ல வந்து நிக்கணும்," என்றேன். "கருகினா சொல்லணும், கேஸ் கசிஞ்சா சொல்லணும். என் மூக்கு வர வரைக்கும்."

"நானா?" என்றார் என்ஜினீயர்.

"வேற யார் கதவைத் திறந்தா?"

எஸ்.ஐ.க்கு இது சட்டமா விளையாட்டா என்று புரியவில்லை. என்ஜினீயருக்குப் புரிந்தது. வழக்கு, கோர்ட், வீதியில் பேச்சு, எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மறுநாளிலிருந்து வந்தார். மடி என்பதால் உள்ளே வர முடியாது. தளிகை உள்ளுக்கு வெளியே, ரேழியில் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். ஸ்டூல் இருந்தது, நான் போடவில்லை. காப்பி கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருப்பது என்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். ஜென்மப் பகைக்கும் ஒரு டம்ளர் காப்பி உண்டு. அவருக்கு இல்லை.

முதலில் அந்த மூக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. என்ன வாசனை வருகிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார். நன்றாக என்றால் மிளகாயா தனியாவா, பச்சையா வறுபட்டதா என்று குறுக்கு விசாரணை செய்வேன். முழித்துக்கொண்டு நிற்பார். பருப்பு ஒருநாள் தீய்ந்தே போயிற்று. அவர் அதை வறுவல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து சமைத்தேன். அது முடிகிற வரைக்கும் அவரும் நின்றார். பிறகு மெள்ளத் தேறினார். இப்போது புளி கொதிக்கிறது, இப்போது பச்சை போய்விட்டது, இப்போது இறக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். என் அடுப்பில் என்ன நடக்கிறது என்று என் எதிரியின் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் அத்தனை கேரியரும் போயின. சாப்பாட்டை நிறுத்தியிருந்த வீடுகள் திரும்பி வந்தன.

நிற்கும்போது பேப்பர் படிப்பார். விபத்துச் செய்தி வந்தால் சும்மா இருக்க மாட்டார், உரக்கப் படித்துத் தீர்ப்பும் சொல்வார். துறையூர் சாலையில் லாரி இடித்து சைக்கிளில் போன விவசாயி பலி. லாரிக்குப் பக்கவாட்டில் தடுப்பு இருந்திருந்தால் சக்கரத்துக்குள் போயிருக்க மாட்டான். புறவழிச் சாலையில் கார் மோதிப் படுகாயம். வேகம் பாதியாக இருந்திருந்தால் கால் முறிவோடு போயிருக்கும். வெளிச்சம் இல்லை, சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு இல்லை, சாலையின் விளிம்பு தரையைவிட உயரம், இறங்க முடியாமல் விழுந்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிப்பார். வண்டியில் உட்கார்ந்திருந்த மனுஷன் மட்டும் எந்தக் காரணத்திலும் வர மாட்டான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மூக்கைப் பாருங்கள் என்பேன்.

ஒன்றை நான் கவனித்திருந்தேன். வீதியில் அவர் காரிலிருந்து இறங்கும்போது ஒரு மாதிரி உடம்பை முறுக்கிக்கொண்டு இறங்குகிறார். வலது பக்கக் கதவை இடது கையால், குறுக்கே நீட்டித் திறக்கிறார். வலது தோளில் வாயு பிடித்திருக்கும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இது நடந்தது தையில். சுக்ரவாரம், ஒரு வீட்டுக்குத் திருக்கண்ணமுது கேட்டிருந்தார்கள். உருளியில் பால் குறுகிக்கொண்டிருந்தது. அது மூக்கு தேவைப்படுகிற வேலை. அடியில் பிடிக்க ஆரம்பிப்பது கண்ணுக்குத் தெரியாது. வெளியே அவர் பேப்பரை உரக்கப் படித்தார். திருவெறும்பூர் பக்கம், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போன தொழிலாளி. சாலை ஓரம் நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்ததால் நிலைதடுமாறி விழுந்து, பின்னால் வந்த பஸ். அங்கே நின்றுவிட்டது குரல். தீர்ப்பு வரும் என்று காத்திருந்தேன். காரின் வேகம் பூஜ்யம் என்று சொல்லட்டும், கரண்டியோடு வெளியே போகிறேன் என்று இருந்தேன். தீர்ப்பு வரவில்லை. பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"இடது கையால திறக்கணும் மாமி," என்றார்.

நான் கிளறிக்கொண்டிருந்தேன்.

"அப்பத்தான் உடம்பு தானாத் திரும்பும், பின்னாடி வரது கண்ணுல படும். டிரைவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்து நானே சொல்லிக் கொடுத்திருக்கேன்." பேப்பர் இன்னொரு மடிப்பு மடிகிற சத்தம். "அன்னிக்கு வலது கையால திறந்தேன். கண்ணாடியும் பார்க்கலை. போன் வந்துது, எடுத்துண்டே திறந்தேன். பின்னாடி வந்தது வேனா இல்லாம அந்த பஸ்ஸா இருந்திருந்தா..."



இந்த வாக்கியத்துக்காகத்தான் புரட்டாசியிலிருந்து காத்திருந்தேன். வந்தால் அழுதுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அல்லது போனால் போகிறது என்று விட்டுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. பாலில் சின்னச் சின்னக் குமிழி வந்து உடைந்தது. அது எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் அந்த உருளியிலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. வாக்கியம் வந்த பிறகும் வரவில்லை.

அடிப்பிடிக்கிறதா என்று கேட்டேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் உறிஞ்சினார். "தெரியலை மாமி," என்றார். "மூக்கு அடைச்சிண்டிருக்கு."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கம், பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மாமா என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

அடுப்பைச் சின்னதாக்கினேன்.

"அழுதா மூக்கு அடைக்கத்தான் அடைக்கும்," என்றேன். "கிணத்தடியில முகத்தை அலம்பிண்டு வந்து நில்லுங்கோ. பால் அடுப்புல இருக்கு."